சேதிக்கூடையைத் திறந்த விரல்

கல்லுமடைத் தோட்டத்து மேல்பிரிவில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் முன்னால் ஆட்டோ நின்றபோது, ரபீக்காவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் மடித்து வைத்த இரண்டு சேலைகள்; ஒரு கம்பளி; கவிழ்த்து வைத்த சோற்றுப் பானை. ஒரு பெண்ணின் குடித்தனம் முழுவதும் காம்பரா என்ற ஒற்றை அறையை விட்டு வெளியேறி, முன்திண்ணையான இஸ்தோப்பின் விளிம்புக்கு வந்திருந்தது. வாசலில் தள்ள இன்னும் ஓரடிதான் மிச்சம். அந்த ஓரடிக்கு ஒரு தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மானத்துக்காகத்தான் நோர்வூட்டில் பிற்பகல் கூட்டம்.

“பாருங்க மிஸ், நம்ம ஆட்டோவவிட ஒங்க அறிக்கை ஸ்பீடு,” என்றார் கந்தப்பன், எஞ்சினை அணைத்துக்கொண்டே.

ரபீக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஹட்டன் கடைவீதியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவள் அவள்; கடைப் பலகையின் கீழ்வரியில் ‘இரகசிய விசாரணைகள் செய்து தரப்படும்’ என்று எழுதி வைத்திருப்பவளும் அவளே. விசாரணைக்குப் புறப்படும் நாள்களில் கந்தப்பனின் ஆட்டோதான் அவளுக்கு வாகனம். கந்தப்பனின் வாய்தான் அவளுக்குத் தண்டனை.

மலைமகளிர் சங்கத்துக்குச் ‘சேதிக்கூடை’யை அமைத்துக் கொடுத்தவளும் அவள்தான். தோட்டத்தில் எந்தப் பெண்ணும் தன் கைபேசியிலிருந்து, தன் குரலிலேயே, ஒரு முறைப்பாட்டை அந்தக் கூடைக்குள் போடலாம். அதைத் திறந்து கேட்கும் உரிமை அந்தப் பிரிவின் பிரதிநிதிக்கு மட்டுமே உண்டு. சங்கம் அவளுக்குக் கொடுத்த கைபேசியில் மட்டுமே அது திறக்கும். வேறு யாருக்கும் அதை அனுப்ப முடியாது. சங்கத் தலைவிக்குக்கூட எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்பது மட்டுமே தெரியும், குரல் கேட்காது. யார் திறந்தார், எப்போது திறந்தார், எத்தனை முறை கேட்டார் என்பதையெல்லாம் நோர்வூட் அலுவலகத்துக் கணினி ஓயாமல் பதிந்துகொண்டே இருக்கும். ‘கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குக் காவல், காவலுக்கும் ஒரு கண்’ என்று அன்று அவள் மார்தட்டியிருந்தாள்.

அந்தக் கண்தான் இன்று ஒருத்தியைக் காட்டிக்கொடுத்திருந்தது.

புதன்கிழமை மாலை தர்சினி என்ற கொழுந்து பறிக்கும் பெண் சேதிக்கூடையில் பேசினாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கு தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், ஆண்கள் சிலர் ஒரு கைபேசியைச் சூழ்ந்து நின்று சிரித்தார்கள். அதற்குள் அழுதுகொண்டிருந்தது தர்சினியின் குரல். கணினியின் பதிவைப் பார்த்தாள் ரபீக்கா. வியாழன் முற்பகல் மேல்பிரிவுப் பிரதிநிதி ரஜிதாவின் கைபேசியில் அந்தக் குரல் இரண்டு முறை ஒலிக்கவிடப்பட்டிருந்தது. அனுப்பத்தான் முடியாதே தவிர, ஒலிக்கவிட்டு இன்னொரு கைபேசியில் பதிந்துகொள்வதை எந்தப் பூட்டும் தடுக்காது. ‘ரஜிதாவே பதிந்து வெளியே கொடுத்தாள்’ என்று அன்றிரவே அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டாள் ரபீக்கா.

இன்று சனிக்கிழமை. பிற்பகலில் சங்கம் ரஜிதாவை விலக்கும். ஒரு பெண்ணின் கண்ணீரை விற்றவள் என்ற பட்டம் விழுந்துவிட்டால், காம்பராவைப் பிடுங்கிக்கொள்ளக் காத்திருக்கும் அவளுடைய கொழுந்தனை எதிர்த்து லயத்தில் ஒரு குரல் எழாது. கணவனை இழந்து, சின்னஞ்சிறு மகளோடு நிற்பவளுக்கு வேறு கூரையும் கிடையாது.

ரஜிதா வெளியே வந்தாள். கண்ணில் தூக்கம் இல்லை. தலை மட்டும் ஒழுங்காக வாரியிருந்தது.

“போன வாங்கத்தானே வந்தீங்க? இந்தாங்க,” என்று நீட்டினாள்.

“திறந்து குடு ரஜிதா. வேற ஆளு பேருக்கு மாத்தணும்.”

ரஜிதா திரையை அருகே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகத் தேடித் தேடி அழுத்தினாள். அந்தத் தாமதம் ரபீக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் இவ்வளவு கஷ்டம்? விரலை வச்சா ஒரு நொடியில திறக்குமே.”

“என் வெரலையா?” ரஜிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. “பெரட்டுல வரவு போடக் கொண்டாந்து வச்ச மெஷினே என்னைய ஆளா எடுத்துக்கல மிஸ். அழுத்தி அழுத்திப் பாத்துட்டு, நீ போ தாயி, கையெழுத்துப் போடுன்னுட்டாங்க. கொழுந்து பறிக்கிற வெரல்ல ரேகைக்கு எங்க போறது?”

அவள் கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் கறை கறுப்பாக ஏறி, தோல் தேய்ந்து மழமழத்து, நடுநடுவே வெடித்திருந்தது. உலகம் உறிஞ்சிக் குடிக்கும் தேநீர் இந்த விரல்களின் ரேகையையும் சேர்த்துக் குடித்திருந்தது.

“அப்ப நம்ம மிஸ் கடையில திருத்துற போன் எல்லாம் தொரமாருக்கு மட்டுந்தான்னு போர்டுல போடணும்,” என்றார் கந்தப்பன்.

ரபீக்காவின் முகம் வெளுத்தது. அவள் கைப்பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்து, இஸ்தோப்பில் அந்தத் தகரப் பெட்டியின் மீதே வைத்துத் திறந்தாள். சேதிக்கூடை ஒவ்வொரு முறையும் மறுபடி பூட்டைக் கேட்கும். பூட்டு எப்படித் திறக்கப்பட்டது என்பதையும் பதியும். அந்தப் பத்தியை அவளே வடிவமைத்திருந்தாள். வடிவமைத்துவிட்டு, அறிக்கை எழுதிய இரவில் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

தர்சினியின் குரல் திறக்கப்பட்டது மூன்று முறை. புதன் மாலை: இலக்கம். வியாழன் முற்பகல்: விரல். மீண்டும் வியாழன் முற்பகல்: விரல்.

“நீ எத்தனை தடவை கேட்ட, ரஜிதா?”

“ஒரு தடவதான். ரெண்டாவது தடவ கேக்க எனக்கு மனசு வரல.”

“இத ஏன் நேத்தே சொல்லல?”

“சொன்னேனே மிஸ். ஒங்க கம்பியூட்டர்ப் பொட்டி பொய் சொல்லாதுன்னீங்க.”

ரபீக்கா தலைகுனிந்தாள். பெட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பெட்டி உண்மையைத்தான் சொல்லியிருந்தது. தன் அறிவின்மேல் கொண்ட கர்வத்தால், கண்ணெதிரே இருந்த உண்மையைக் காணாமல், கேட்பாரற்ற ஒருத்தியைக் குற்றவாளியென்று சுட்டியவள் அவள்தான். தான் எழுதிய ஒரு தாள்தானே இந்தச் சோற்றுப் பானையை இங்கே கவிழ்த்தது என்ற எண்ணம் அவளைக் கூனிக் குறுக வைத்தது.

ரஜிதாவின் கைபேசியில் விரல் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு விரல் பதிவாகியிருந்தது.

“ஒன்னோட விரலை மெஷின் எடுக்கல. அப்ப இது யார் விரல்?”

ரஜிதாவின் உதடு ஒரு கணம் அசைந்தது, பின் இறுகியது. “எனக்குத் தெரியாது,” என்றாள் தரையைப் பார்த்து.

“வண்டியில ஏறு,” என்றாள் ரபீக்கா. “கந்தப்பண்ணே, புள்ளக்காம்பராவுக்கு விடுங்க.”

*

மேல்பிரிவின் சரிவுகளில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. மூடுபனியும் மழையும்தான் கிடைக்கும். ஆகவே மலைக்கு ஏறும் பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு தங்கள் கைபேசிகளையும் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வார்கள். அங்கே கிழக்குப் பார்த்த சன்னல் கட்டையில் மட்டும் சமிக்ஞை வரும். தொட்டிலில் குழந்தைகள் வரிசையாகவும், சன்னலில் கைபேசிகள் வரிசையாகவும் தாய்மாருக்காகக் காத்திருக்கும். வியாழன் முற்பகல் ரஜிதா மகளைப் பார்க்க அங்கே வந்து போனாள் என்ற செய்தியைத்தான் ரபீக்கா தன் அறிக்கையில் ஆதாரமாக நட்டிருந்தாள்.

“அப்ப அங்க புள்ளைங்களப் பாத்துக்கிற நாகலெட்சுமிதான் ஒங்க அடுத்த ஆளு?” என்றார் கந்தப்பன், வளைவில் ஒலியெழுப்பிக்கொண்டே. “மிஸ், ஒண்ணு கேட்டுக்கிறேன். இன்னைக்கும் தப்பா புடிச்சிட்டா நாளைக்கு யாரு? நானா, இந்த ஆட்டோவா?”

“வாயை மூடிட்டு ஓட்டுங்கண்ணே.”

“மூடுனா வண்டி தூங்கிரும் மிஸ்.”

பின்னிருக்கையில் ரபீக்காவின் பக்கத்தில் ரஜிதா உட்கார்ந்திருந்தாள். இருவரின் முழங்கைகளும் வளைவுக்கு வளைவு உரசின. ஒவ்வோர் உரசலிலும் ரபீக்காதான் முதலில் கையை இழுத்துக்கொண்டாள்.

பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர் நாகலெட்சுமி, கைகளில் பால்மாவோடு வாசலுக்கு வந்தாள். ரஜிதாவைக் கண்டதும் அவள் பார்வை நழுவியது. அந்த நழுவலைக் கண்டதும் ரபீக்காவின் நம்பிக்கை பழையபடி தலைதூக்கியது.

“நாகலெட்சுமி, கையைத் துடைச்சிட்டு இந்த இடத்துல ஒங்க விரலை வைங்க. பதிஞ்சு வச்சிருக்கிற விரல்னா இந்த வரி வெளிச்சமாகும்.”

“அப்ப நேத்து அவ, இன்னைக்கு நானா?” நாகலெட்சுமியின் குரல் உயர்ந்தது. “ஏன் மிஸ், தொட்டில்ல படுத்திருக்கானே, அந்தப் பயலோட வெரலையும் வச்சிப் பாத்துருங்களேன். அவனும் வெரலச் சூப்பிக்கிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரிதான் கெடக்கான்.”

என்றாலும் கையைத் துடைத்தாள். கட்டைவிரலை வைத்தாள். சுட்டுவிரலை வைத்தாள். இடக்கையையும் வைத்தாள். வரி வெளிச்சமாகவில்லை.

“ரெண்டு நாள்ல ரெண்டு பொம்பளைய சந்தேகப்பட்டாச்சு,” என்றார் கந்தப்பன் மெல்ல. “கண்டாக்க ஒரு தடவகூட யாரும் கூப்புட்டு விசாரிச்ச மாதிரி தெரியலையே மிஸ்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அது ரபீக்காவின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, குரல் எந்தச் சன்னல் வழியாக வெளியேறியது என்று சன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாளே அவள்!

“என்னை மன்னிச்சிருங்க நாகலெட்சுமி,” என்றாள். “ஆனா ரஜிதாவைப் பாத்ததும் ஒங்க முகம் மாறிச்சு. ஏன்?”

நாகலெட்சுமி உள்ளே பார்த்தாள். ரஜிதாவின் மகள் பாயில் உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“மாறாம என்ன செய்யும்? அன்னைக்கு மொதல்ல வாயத் தொறந்தவ நான்தானே.”

“என்னைக்கு?”

“போன் குடுத்த அன்னைக்கு. நீங்க பெட்டியோட அனுப்பி வச்சிட்டீங்க, வரல. கோயில் மண்டபத்துல வெளக்கேத்தி, சூடங்காட்டி, ஒவ்வொருத்தியா வந்து அவங்கவங்க போன அவங்கவங்க கையால தொறந்தாங்க. அது கேட்டுச்சு, வெரல வையின்னு, நம்பரு போடுன்னு. இவ முறை வந்துச்சு. நான்தான் சொன்னேன்…” அவள் ரஜிதாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. “தாலியறுத்த கை மொதல்ல படவேண்டாம், நல்ல காரியம் ஆரம்பிக்கிறோம், ஒரு சுமங்கலி தொறந்து குடுக்கட்டும்னு. எல்லாரும் சரின்னாங்க. இவளும் ஒண்ணும் பேசாம போன அங்க நீட்டிட்டா. அவுங்க வெரல வச்சி ஆரம்பிச்சிக் குடுத்தாங்க. நம்பரு மட்டுந்தான் இவளோடது.”

கந்தப்பன் ஆட்டோவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எத்தனை நுட்பமாக வகுத்த உரிமைகள் அவை! யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று எத்தனை இரவுகள் விழித்திருந்து கட்டிய கதவுகள்! அத்தனை கதவுகளையும் ஒரு தட்டுச் சூடத்தின் முன்னால், ஒரு பெண்ணின் கையைத் தீட்டென்று ஒதுக்கிய ஒரு பழக்கம் திறந்துவிட்டிருந்தது. அவள் கை ஆகாது என்றார்கள். அவள் கைபேசி ஆகுமென்று வைத்துக்கொண்டார்கள். மங்கலத்தைக் காப்பதாக எண்ணியவர்கள் ஒருத்தியின் மரியாதையைக் கொள்ளைக்குக் கொடுத்திருந்தார்கள்.

ரபீக்கா ரஜிதாவின் பக்கம் திரும்பினாள். “ஒனக்கு இது தெரியும். என்கிட்ட ஏன் மறைச்ச?”

“மறைக்கல மிஸ்.” ரஜிதாவின் கண்கள் முதல்முறையாக நிறைந்தன. “எல்லாரு முன்னாலயும் என் கைய வேணான்னாங்க. அத இன்னொரு தடவ என் வாயாலயே சொல்லணுமா? வெக்கமா இருந்துச்சு.”

வெட்கப்பட வேண்டியவர்கள் விளக்கேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெட்கத்தை மட்டும் இவள் தனியே சுமந்து வந்திருக்கிறாள்.

“யார் அந்தச் சுமங்கலி, நாகலெட்சுமி?”

“வியாழக்கெழம புள்ளைங்களுக்கு பணிஸ் ரொட்டி வாங்கிட்டு வந்தவங்கதான். அந்தச் சன்னல்கிட்ட ஒக்காந்து, காதுல போன வச்சிருந்தாங்க. அவுங்க போனுன்னுதான் நான் நெனச்சேன்.” அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “நம்ம சங்கத் தலைவி. அன்னம்மாக்கா.”

*

நோர்வூட் சங்க அலுவலகத்தின் முன்மண்டபம் நிறைந்திருந்தது. அரைநாள் வேலை முடிந்து, சேலை மாற்றி, குடையோடு வந்திருந்த பெண்கள் நாற்காலிகளில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கத்துச் சிறிய அறையில் அன்னம்மா தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம்; தோளில் மடிப்புக் கலையாத சேலை. தோட்டத் துரைமாரின் மேசையைத் தட்டிப் பேசிய முதல் பெண் என்று மலைநாடெங்கும் பேர் வாங்கியவள் அவள். அந்தப் பேருக்கு ரபீக்காவும் எத்தனையோ மேடைகளில் கை தட்டியிருக்கிறாள்.

“வா ரபீக்கா. போன் கெடச்சிச்சா?”

ரபீக்கா கைபேசியை மேசையில் வைத்தாள். விரல் பதிவுப் பக்கம் திறந்திருந்தது.

“அக்கா, ஒங்க கட்டைவிரலை இதுல ஒருக்கா வைங்க.”

அன்னம்மா கைபேசியைப் பார்த்தாள். வாசலில் நின்ற ரஜிதாவைப் பார்த்தாள். ஆட்டோச் சாவியை விரலில் சுற்றுவதை நிறுத்திவிட்ட கந்தப்பனையும் பார்த்தாள். பிறகு, மறுக்கவோ மழுப்பவோ செய்யாமல், கட்டைவிரலை வைத்தாள். வரி வெளிச்சமானது.

“தெரிஞ்சிதானே வந்திருக்க. பொறகு எதுக்கு இந்த நாடகம்?”

“ஏன்க்கா?”

“அன்னைக்கி வேணுமின்னு வைக்கல. தொறந்து குடுன்னாங்க, குடுத்தேன். ஒரு நாளு புள்ளக்காம்பராவுல சும்மா எடுத்துப் பாத்தேன், தொறந்துக்கிச்சு.” அவள் குரல் தணிந்தது. “நான் கட்டுன சங்கம். என் காதுக்கு மட்டும் பூட்டுப் போட்டீங்க எல்லாருமாச் சேந்து. அது எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு யாராச்சும் யோசிச்சீங்களா?”

“தர்சினி பேசினதை எதுக்கு ஒங்க போன்ல பதிஞ்சீங்க?”

“அந்தப் புள்ளையோட மானத்துக்குத்தான். பொலிசு, கோர்ட்டுன்னு போனா நாளைக்கு அவள எவன் கட்டுவான்? தோட்டத்து ஆபீசு பெரிய கிளாக்கருக்கு அனுப்பி, கமுக்கமா அந்தக் கண்டாக்க வேற தோட்டத்துக்கு மாத்திருங்கன்னு கேட்டேன். அவரு கண்டாக்குக்கே குடுப்பாருன்னு நான் கண்டேனா?”

“யார் மானம்க்கா போயிருக்கணும்? கையை வச்சவனுக்கு மானம் இல்லையா? அவனை ஊர் மாத்தி விட்டா, அங்க இருக்கிற பொண்ணுங்க யாரும் பொண்ணுங்க இல்லையா?”

அன்னம்மா தீர்மானத் தாளை மடித்தாள்.

“சரி. ரஜிதாவோட சாமானை வெளிய தூக்கி வச்சாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் நெனச்சேன்.” அன்னம்மா ரபீக்காவை நேராக நோக்கினாள். “அதுக்குள்ள ஒன் அறிக்கை வந்துருச்சு. நீயே எழுதிட்ட, அவதான்னு. படிச்ச புள்ள, பொட்டிய வச்சிப் பாத்துச் சொன்ன புள்ள. எனக்கு வசதியா இருந்துச்சு ரபீக்கா. அதுதான் உண்ம.”

அந்த ஒரு சொல் ரபீக்காவைச் சுட்டது. வசதி! ஒருத்தி தன் பெயரைக் காப்பாற்ற மௌனம் காத்தாள். ஒருத்தி தன் கணினியைக் காப்பாற்ற அவசரப்பட்டாள். இரண்டுக்கும் நடுவே நசுங்குவதற்கு வசதியாக ஒரு கைம்பெண் கிடைத்திருந்தாள். தன் குற்றத்தை அன்னம்மாவின் குற்றத்தைக் காட்டி மூடிவிடலாமா என்று ஒரு கணம் ரபீக்காவின் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்குக்காகவும் அவள் வெட்கப்பட்டாள்.

“மேடைக்கு நான் முதல்ல போறேன்,” என்றாள். “என் பிழையைச் சொல்லிட்டு வாறேன். ஒங்களதை நீங்க சொல்லுங்க.”

“மிஸ்,” என்றார் கந்தப்பன் அவள் காதருகே, “ஆட்டோவத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணியே வைக்கவா?”

“வேணாம்ண்ணே. ஓடுற மாதிரி வரல நான்.”

*

ரபீக்கா ஒலிவாங்கியைத் தொடவில்லை. வெறும் குரலிலேயே பேசினாள். அறிக்கை பிழை என்றாள். எழுதியவள் தானே என்றாள். பார்க்க வேண்டிய ஒரு பத்தியைப் பார்க்காமல் ஒரு பெண்ணைப் பார்த்தே முடிவு செய்துவிட்டேன் என்றாள். சபையில் சலசலப்பு எழுந்தது. பிறகு அன்னம்மா எழுந்து வந்தாள். எத்தனையோ கூட்டங்களை ஆட்டிப்படைத்த அந்தக் குரல் அன்று இரண்டு வாக்கியங்களுக்குமேல் தாங்கவில்லை. “தொறந்தது என் வெரல். அனுப்புனது நான்.” அவ்வளவுதான். தலைவியின் நாற்காலிக்குத் திரும்பாமல் முன்வரிசை நாற்காலியொன்றின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று கோயிலில் சரி என்று தலையசைத்த தலைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. இப்போது அவை ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

யாரோ ஒருத்தி எழுந்தாள். “நடந்தது நடந்துருச்சு. ரஜிதாகிட்டயே போனக் குடுத்துருவோம். இன்னைக்கே கோயில்ல வச்சி, அவ கையாலயே…”

“வேண்டாம்.”

ரஜிதா வாசலிலிருந்து நடந்து வந்தாள்.

“கோயிலும் வேண்டாம், சூடமும் வேண்டாம். என் சாமான தூக்கி உள்ள வைக்க நாலு பேரு வாங்க, அது போதும். ஒண்ணு மட்டும் கேக்குறேன்.” அவள் ரபீக்காவைப் பார்த்தாள். “யாரு தொறந்தா, எப்பத் தொறந்தா, எந்த வெரலால தொறந்தா, எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டீங்க மிஸ். தர்சினி என்ன சொன்னான்னு கேட்டீங்களா?”

ரபீக்கா கேட்கவில்லை. அனுமதி இல்லை என்று சொல்லலாம். விதி அது, தானே எழுதிய விதி. ஆனால் ரஜிதா கேட்டது அதை அல்ல. தர்சினியின் வாசலுக்குப் போய், ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று கேட்க எந்த அனுமதி வேண்டியிருந்தது?

“பெரட்டுல சிரிச்சவனுங்க கேட்டானுங்க,” என்றாள் ரஜிதா சபையை நோக்கி. “கிளாக்கரு கேட்டாரு. கண்டாக்கு கேட்டான். அன்னம்மாக்கா கேட்டாங்க. இங்க ஒக்காந்திருக்கிற நீங்க யாராச்சும் கேட்டீங்களா? ரெண்டு நாளா என்னைய வெசாரிச்சீங்க. அவள யாரு வெசாரிச்சா? சோறு தின்னியான்னு கேக்கக்கூட அந்த லயத்துக்கு ஒருத்தி போகல. போனா நமக்கும் ஒட்டிக்கிருமோன்னு பயம்.”

ரபீக்கா மேடையின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விசாரணை முடிந்துவிட்டது என்று ஒரு நிமிடத்துக்கு முன்புவரை எண்ணியிருந்தாள். தொடங்கவே இல்லை என்பது இப்போதுதான் விளங்கியது.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலையில் முக்காடிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன.

“தர்சினி,” என்றாள் ரஜிதா. “ஒனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்மா.”

முக்காடு தோளுக்கு இறங்கியது. வரிசைகளுக்கு நடுவே அவள் நடந்து வந்தபோது, வழியில் நீண்டிருந்த கால்களும் குடைகளும் அவசரமாக ஒதுங்கின. ரபீக்கா எழுந்து ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தாள்.

“எம் பேரு தர்சினி,” என்றாள் அந்தப் பெண். “மொத நான் அவன் பேரச் சொல்றேன். எல்லாரும் என் பேரையே சொல்லிக்கிட்டிருக்கீங்க.”

சொன்னாள். மண்டபம் முழுவதும் நிமிர்ந்து கேட்டது.